தூய நீரில் 350 மடங்கு, கிணற்றுத் தண்ணீரில் எத்தனை?

புரட்டாசிப் பட்டத்துக்கான கடைசி உழவு நெருங்குகிறது. 'இந்த வாரத்துக்குள் வாங்கினால்தான் விதையோடு போட முடியும்' என்று உரக்கடைகளில் அவசரப்படுத்துகிறார்களாம். தண்ணீரைப் பிடித்து வைக்கும் ஹைட்ரோஜெல் குருணையைப் பற்றித்தான் வந்திருக்கும் கடிதங்களில் பாதி. அவற்றில் ஒன்று தெளிவாகக் கேட்டது: கடைக்காரர் ஒரு சிட்டிகை குருணையில் தண்ணீர் ஊற்றினார், கொஞ்ச நேரத்தில் டம்ளரைக் கவிழ்த்தாலும் சொட்டு விழவில்லை. வீட்டுக்கு வந்து எங்கள் போர் தண்ணீரில் போட்டால் அரை டம்ளருக்குக்கூட ஏறவில்லை. எனக்குக் கொடுத்தது போலியா?

போலியாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. கடைக்காரர் எந்தத் தண்ணீரை ஊற்றினார் என்று கேளுங்கள். கடையில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது உப்பு குறைத்த இருபது லிட்டர் கேன்.

இந்தக் குருணை ஒரு பாலிமர், அதாவது நீண்ட சங்கிலி மூலக்கூறுகளின் பின்னல்; மேல் விவரத்தைப் பள்ளிப் பாடத்துக்கு விட்டுவிடுகிறேன். டெல்லியின் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய பூசா ஹைட்ரோஜெல் தன் எடையைப் போல் குறைந்தது 350 மடங்கு நீரை உறிஞ்சும் என்கிறார்கள். 'தூய நீரில்' என்ற சொல்லும் அதோடு சேர்ந்தே இருக்கிறது. விளம்பரத்துக்கு வரும்போது அது மட்டும் வழியில் இறங்கிவிடுகிறது. என்னைக் கேட்டால் இந்த ஜெல்லுக்கு வேறு வரையறை சொல்வேன்: தனக்குள் இருப்பதைவிட உப்புக் குறைந்த தண்ணீரை மட்டும் ஆசையாகக் குடிக்கும் பொருள்.

ஏன் என்பதுதான் சுவாரசியம். ஜெல்லின் சங்கிலி நெடுக எதிர்மின்னூட்டம் வரிசையாக இருக்கிறது. அவை ஒன்றையொன்று தள்ளுவதால் சங்கிலி விரிகிறது, ஜெல் ஊதுகிறது என்பது வழக்கமான விளக்கம். அது பாதிதான். பெரிய வேலையைச் செய்பவை சங்கிலியோடு வந்த சோடியம், பொட்டாசியம் அயனிகள். நனைந்ததும் அவை இறங்கி உலாவுகின்றன. ஆனால் ஜெல்லைவிட்டு வெளியேற முடியாது. கொஞ்சம் விலகினாலும் சங்கிலியின் மின்னூட்டம் இழுத்துக்கொள்ளும், முளைக்குச்சியில் கட்டிய கன்று மாதிரி. உள்ளே அயனி நெரிசல், வெளியே வெறும் தண்ணீர். நெரிசலைத் தளர்த்த ஒரே வழி, வெளியிலிருக்கும் தண்ணீர் உள்ளே வருவது. உப்புப் போட்ட மாங்காய்த் துண்டு தண்ணீர் விடுகிறதே, அதன் மறுபக்கம் இது.

எல்லா அயனியும் இறங்குவதில்லை என்பது இன்னும் அழகு. வேதியியலாளர் ஜெரால்டு மானிங் 1969-ல் கணக்கிட்டுச் சொன்னது இது: மின்னூட்டம் இவ்வளவு நெருக்கமாக உள்ள சங்கிலியில் ஓர் அளவுக்கு மேல் அயனிகள் பிரிய முடியாமல் ஒட்டிக்கொண்டே இருக்கும். இந்த வகைச் சங்கிலிக்கு அந்தக் கணக்கைப் போட்டால், மூன்றில் இரண்டு பங்கு ஒட்டிக்கொண்டு கிடக்கும். மீதி ஒரு பங்கு உழைத்துத்தான் அந்த டம்ளர் நிரம்புகிறது.

இப்போது வெளியிலும் உப்பு இருந்தால்? உள்ளுக்கும் வெளிக்குமான வித்தியாசம் குறைகிறது, இழுப்பும் குறைகிறது. சங்கிலியின் மின்னூட்டத்தையும் உப்பு மறைத்துவிடுகிறது. லிட்டருக்கு 0.06 கிராம் சமையல் உப்பு இருந்தால் மின்னூட்டத்தின் கை சுமார் 10 நானோமீட்டர் நீளும். 6 கிராம் இருந்தால் 1 நானோமீட்டர்தான். டயப்பரில் உள்ள ஜெல் தூய நீரில் 300 மடங்கு உறிஞ்சும் என்றால், லிட்டருக்கு 9 கிராம் உப்புள்ள நீரில் 50 மடங்குக்கு இறங்கிவிடும்.

இதை வீட்டில் பார்த்தேன். பெட்ரோல் பங்கில் வாங்கிய, உப்பு நீக்கிய பேட்டரி வாட்டரில் அரை கிராம் குருணை ஊறிப் பனிக்கட்டித் துண்டுகள் போலக் குவிந்து நின்றது. மேலே ஒரு ஸ்பூன் கல் உப்பைத் தூவினேன். உப்பு பட்ட இடம் முதலில் குழிந்தது. பிறகு குவியல் முழுக்கத் தளர்ந்து, குடித்த தண்ணீரைக் கிண்ணத்திலேயே கக்கிவிட்டது.

சமையல் உப்பாவது பரவாயில்லை. என்னை உறுத்துவது கால்சியம். பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிற கடின நீரில் அது தாராளம். ஒரு கால்சியம் இரண்டு சோடியத்தின் இடத்தை எடுத்துக்கொள்வதால் நெரிசல் பாதியாகிறது. அதோடு விடுவதில்லை, இரண்டு சங்கிலிகளை ஒன்றாகப் பிடித்து முடிச்சும் போடுகிறது. ஒவ்வொரு பாசனத்திலும் கொஞ்சம் வந்து சேரும், ஜெல்லும் விடாமல் பிடித்து வைக்கும். முதல் தண்ணீரில் ஊதியது பத்தாவது தண்ணீரிலும் அதே அளவு ஊதும் என்று எந்த பாக்கெட்டும் எழுதியதாக நான் பார்க்கவில்லை.

சரி, அவர்கள் சொன்ன எண்ணையே ஒப்புக்கொள்வோம். பரிந்துரை ஏக்கருக்கு 1 முதல் 2 கிலோ. 2 கிலோவுக்கு 350 மடங்கு என்றால் 700 லிட்டர். ஓர் ஏக்கரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுவது 4,047 லிட்டர். ஜெல் முழுசாக ஊறினாலும் பிடித்து வைப்பது 0.2 மில்லிமீட்டருக்கும் குறைவு. குடத்தில் சொன்னால் நாற்பத்தைந்துக்குச் சற்று மேல். கடின நீரில் அது மூன்றில் ஒன்றாகிவிட்டது என்று வைத்துக்கொண்டால், ஏக்கருக்குப் பதினைந்து குடம். விதைச்சாலில் விதைக்குப் பக்கத்திலேயே விழுந்தால் முளைப்புக்கு உதவலாம், மறுக்கவில்லை. வறட்சியைத் தாங்க வைக்கும் என்பது வேறு பேச்சு.

மற்ற கேள்விகள்:

மானாவாரிக்கு? மழைத்தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, மண்ணில் இருக்கிறதா என்று பாருங்கள். மண் பரிசோதனை அட்டையில் இ.சி. (மின்கடத்துதிறன்) என்று இருக்கும்; அது கூடினால் உப்பு அதிகம்.

உரத்தோடு கலந்து போடலாமா? பொட்டாஷும் அம்மோனியம் சல்பேட்டும் உப்புதான்.

சுருங்கிய ஜெல் நல்ல தண்ணீரில் மீளுமா? சமையல் உப்பால் சுருங்கியிருந்தால் பெரும்பாலும் மீளும், கால்சியத்தால் என்றால் அவ்வளவாக இல்லை.

டயப்பரைப் பிரித்துப் போட்டால்? வேண்டாம், அது சோடியம் வகை, வயலுக்கு விற்பது பெரும்பாலும் பொட்டாசியம் வகை.

கடலோர நிலம்? பணத்தைச் சேமியுங்கள்.

வாங்கும் முன் எப்படிச் சோதிப்பது? பாட்டிலில் உங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கடைக்கு எடுத்துப் போய், ஒரு கிராம் குருணையை அதில் போட்டு, ஒரு மணி நேரம் கழித்துத் துணியில் வடித்து, அங்கேயே எடை போடச் சொல்லுங்கள்.