சடுகுடு ஆட ஒரு மண்தரை

சரோஜினி நகரின் பழைய குவார்ட்டர்ஸ்கள் இடிபட்டு, அடுக்குமாடிக் கட்டடங்கள் எழும்பி வருகின்றன. இரண்டு வரிசை வீடுகளுக்கு நடுவே இருந்த திறந்தவெளிகளும் அவற்றோடு போயின. புதிய குடியிருப்பில் என்ன வசதிகள் வேண்டும் என்று அன்பர்கள் கூடிப் பேசும்போது லிஃப்ட், கார் நிறுத்தம், ஜிம் எல்லாம் வருகின்றன. சடுகுடு ஆட ஒரு மண்தரை வேண்டும் என்று எவரும் கேட்பதில்லை. நான் கேட்கிறேன்.

காவிரிக் கரையில் வளர்ந்த எங்களுக்கு இந்த ஆட்டத்திற்குக் காசு செலவில்லை. பந்து வேண்டாம், மட்டை வேண்டாம். காலால் கோடு கிழித்தால் மைதானம் தயார். முழங்கை சிராய்ப்புக்கு மண்ணையே அப்பிக்கொண்டு மறுபடி இறங்குவோம். பொங்கலையொட்டி இன்றும் தமிழகக் கிராமங்களில் விளக்கொளியில் விடிய விடியப் போட்டிகள் நடக்கின்றன.

நம் சடுகுடுதான் உலக அரங்கில் கபடி. 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதி உடற்பயிற்சிக் குழு இதை ஆடிக் காட்டியது. 1982இல் நம் டெல்லி ஆசிய விளையாட்டில் காட்சி ஆட்டமாக இடம்பெற்றது. 1990இல் பெய்ஜிங்கில் பதக்க ஆட்டமாயிற்று. அதிலிருந்து 2014 வரை ஏழு முறையும் ஆண்கள் தங்கம் இந்தியாவுக்கே. 2018இல் ஈரான் நம்மை அரையிறுதியில் வீழ்த்தியது. 2023இல் ஹாங்சோவில் தங்கத்தை மீட்டோம்.

1994 ஹிரோஷிமா அணியில் ஆடிய மணத்தி கணேசன், தூத்துக்குடி மாவட்டத்துக் கிராமத்துப் பிள்ளை. அவர் வாழ்க்கையைத் தழுவியே 2025இல் 'பைசன்' திரைப்படம் வந்தது. அதே ஆண்டு பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற பெண்கள் அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா ஆடினார். மறுகுடியேற்றப் பகுதியிலிருந்து வந்த பெண் அவர்!

இது ஏதோ தெற்கத்திச் சங்கதி என்று எண்ண வேண்டாம். இதே டெல்லியின் ஓரத்திலுள்ள நிஜாம்பூர் கிராமம் ராகேஷ் குமார், மஞ்சீத் சில்லர் என்று இரண்டு அர்ஜுனா விருதாளர்களைத் தந்திருக்கிறது. ராகேஷ் நம் ரயில்வேக்காரர் என்பதில் எனக்குத் தனிப் பெருமை.

"அடிபட்டால் யார் பொறுப்பு?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே. கணுக்கால், முழங்கால், தோள் மூன்றுக்கும் ஆபத்து உண்டு. ஆனால் இது கட்டுப்பாடில்லாத சண்டை அல்ல. பாடிவருபவரின் வாயையோ கழுத்தையோ நெரிக்கக் கூடாது. கால்களால் கத்தரிப்பிடி போடக் கூடாது. மீறினால் நடுவர் அட்டை காட்டுவார். விழுவதற்கும் முறை உண்டு; அதைச் சிறுவயதில் மண்ணில்தான் பழக வேண்டும். சிமெண்டுத் தரையில் பழக முடியாது. பழகாத உடம்பு பின்னாளில் படிக்கட்டில் வழுக்கினாலும் எலும்பை முறித்துக்கொள்ளும்.

இனி கணக்குக்கு வருவோம். ஆண்கள் ஆடுகளம் 13 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது 130 சதுர மீட்டர். பெண்களுக்கு 12க்கு 8 போதும். ஒரு கார் நிற்க ஏறக்குறைய 12.5 சதுர மீட்டர் பிடிக்கும். ஆக, பத்துக் கார்கள் நிற்கும் இடத்தில் பதினான்கு பிள்ளைகள் ஆடலாம்! சுற்றிலும் சிறிது காலியிடம் விட்டு, மேல்மண்ணைக் கிளறிக் கல்லைப் பொறுக்கி, சலித்த மண்ணும் மணலும் கலந்து பரப்பி, தண்ணீர் தெளித்தால் தீர்ந்தது.

குடியிருப்போர் சங்கங்களில் உள்ள நம்மவர்கள் இந்தக் கோரிக்கையை எழுத்தில் கொடுக்க வேண்டும். கான்கிரீட் போட்ட பிறகு கேட்டால் கிடைக்காது. அதுவரை, வரும் பொங்கல் விழாவில் கோலப்போட்டிக்கும் பாட்டுப்போட்டிக்கும் இடையே ஒரு மணி நேரம் சடுகுடுக்கு ஒதுக்குங்கள். சிறுமிகளுக்கும் ஓர் அணி இருக்கட்டும். கோடு போடவும் விசில் ஊதவும் நான் வருகிறேன்.