கத்திக்கு அஞ்சிப் பல்லை இழக்கலாமா?

"பல்லுப் போனால் சொல்லுப் போச்சு" என்பது முதியோர் வாக்கு. ஆயினும், அப்பல்லைத் தாங்கி நிற்கும் முரசைப் பற்றி நாம் எண்ணுவது அரிது. இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களிலே முரசில் குருதி கசிந்தால் அதனைப் பொருட்படுத்தாதோர் உளர். சத்திரசிகிச்சை வேண்டும் என்றாலோ, "நோவைத் தாங்க முடியாது, இரத்தம் நிற்காது" என்று விலகுவோரும் உளர். இவ்வச்சம் தகுமா என ஆராய்வோம்.

முதலில் நோயின் போக்கை அறிதல் வேண்டும். மத்திய மலைநாட்டின் டன்சினேன், ஹரோ தோட்டங்களில், பல் துலக்கும் வழக்கமில்லாத 480 ஆண் தொழிலாளரை ஹரால்ட் லோ என்னும் நோர்வே அறிஞரின் குழுவினர் 1970 முதல் 15 ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதித்தனர். முடிவு 1986இல் வெளியாயிற்று. நூற்றுக்கு 8 பேருக்கு நோய் விரைந்து முற்றியது. 81 பேருக்கு மெல்ல வளர்ந்தது. 11 பேருக்கே முரசு அழற்சியோடு நின்றது. நோவில்லையே என்று வாளாவிருந்தால், பல்லைப் பிடித்துள்ள எலும்பு கரைந்துகொண்டே போகும்.

பல்லுக்கும் முரசுக்கும் இடையே உண்டாகும் பை ஆழமாகி, சாதாரணச் சுத்திகரிப்புப் போதாதவிடத்தே வைத்தியர் முரசை விலக்கி, உள்ளே துப்புரவாக்கித் தைப்பார். இதற்கு உதவுவது ஒரு சிறு குப்பி மருந்து. அதனுள் இருவர் பணி புரிகின்றனர் எனலாம். ஒருவர் லிக்னோகேயின், சுவீடனில் நில்ஸ் லொஃப்கிரென் 1943இல் ஆக்கியது. நரம்பு வழியே நோவுச் செய்தி மூளைக்குச் செல்லாது இது தடுக்கும். அழுத்தம் உணரப்படும், நோவு உணரப்படாது. மற்றவர் அட்ரினலின், பெரும்பாலும் 80,000இல் ஒரு பங்கே சேர்க்கப்படும். இது குருதிக் குழாய்களைச் சுருக்கிக் கசிவைக் குறைக்கும். விறைப்பையும் நீடிக்கச் செய்யும். சீழ் வைத்துப் பழுத்த இடத்தில் விறைப்பு மருந்து நன்கு வேலை செய்யாது. ஆதலால் தாமதமே நோவுக்கு வழி.

குருதி எப்படி நிற்கிறது? இறப்பர் மரத்தில் பால் வெட்டுவோர் இதனை எளிதில் உணர்வர். வெட்டிய கோட்டில் வடியும் பால் சில மணி நேரத்தில் உறைந்து தானே நிற்கும். உறைந்ததை உரித்து மீண்டும் வெட்டினால் மறுபடி வடியும். முரசும் அத்தகையதே. வைத்தியர் துணியால் அழுத்தியும் தையலிட்டும் குருதி உறைய வழி செய்வார். அவ்வுறைவைக் காப்பது நம் கடமை. அன்று வாயை அலசித் துப்புதல், வெற்றிலை, பீடி, சூடான தேநீர் யாவும் ஆகா. மருந்தின் வீரியம் தணிந்தபின் உமிழ்நீர் சற்றே சிவந்தால் கலங்க வேண்டாம். சுத்தமான துணியை மடித்து, இருபது நிமிடம் விடாது அழுத்துக. அப்பொழுதும் நில்லாவிடின் வைத்தியசாலைக்குச் செல்க.

இன்னொன்று: இருதய நோய், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளோரும், அஸ்பிரின் முதலிய மருந்து உட்கொள்வோரும் அதனை முன்னரே வைத்தியரிடம் கூறுக. மருந்தைத் தாமாக நிறுத்துதல் ஆபத்து.

அஞ்ச வேண்டுவது கத்திக்கன்று, காலம் கடத்துவதற்கே. முரசில் குருதி கண்ட நாளே பல் வைத்தியரை நாடினால், பலருக்குக் கத்தியே வேண்டியிராது.