பூண்டுக்குப் பெயர் உண்டு, ஆய்ந்த கைக்கு?

சிலப்பதிகாரம் புகாரின் மருவூர்ப்பாக்கத்தைக் காட்டும்போது அப்பம் விற்றவரைக் கூவியர் என்றும், பிட்டு விற்றவரைக் காழியர் என்றும் சொல்கிறது. தச்சர், கொல்லர், துன்னர் என்று கைத்தொழிலாளரின் பட்டியலும் அங்கே நீள்கிறது. இன்றும் சுவர் எழுப்புபவர் கொத்தனார், புரோட்டா வீசுபவர் மாஸ்டர். ஆனால், அதே அப்பத்தை வீட்டில் சுட்ட பெண்ணுக்கு அன்றும் தொழிற்பெயர் இல்லை, இன்றும் இல்லை. ஆக, வேலையின் நுட்பத்தைப் பார்த்துப் பெயர் பிறப்பதில்லை. கடைத்தெருவில் தனக்கென ஓர் இடம் பிடித்த வேலைக்கே பெயர் கிடைக்கிறது.

பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டியின் பூண்டுச் சந்தை இதற்கு நல்ல சான்று. விற்பவர் வியாபாரி, மூட்டை சுமப்பவர் சுமைதூக்கும் தொழிலாளி. தாளை நறுக்கி, மண்ணைத் தட்டி, பருமன் பார்த்துத் தரம் பிரிக்கும் பெண்களோ வெறும் கூலியாட்கள். அந்த வேலை எளிதானதன்று. பூண்டுப் பல்லின் உயிரணுவில் அல்லியின் என்ற பொருளும் அல்லினேஸ் என்ற நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. பல் நசுங்கினால் இரண்டும் கலந்து, நாம் அறிந்த காரநெடியைத் தரும் அல்லிசின் உண்டாகிறது. காயம்பட்ட இடத்தில் பூஞ்சையும் எளிதில் பிடிக்கும். தாளை ஒட்ட நறுக்கினால் பல் திறந்துகொள்ளும், நீளமாக விட்டால் சரக்கு விலைபோகாது. இந்த அளவு கைக்குப் பழகினால்தான் பூண்டு மாதக்கணக்கில் தாங்கும். இந்தச் சந்தைக்கு வரும் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு என்ற பெயரும் கிடைத்தது. பூண்டைக் கெடாமல் காக்கும் கைக்குத்தான் இன்னும் பெயரில்லை.

தொழிற்பெயர்கள் சாதிப்பெயர்களாக இறுகிப்போன நாட்டில் இன்னொரு பெயர் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான அச்சம்தான். ஆனால், கேடு பெயரால் வரவில்லை. தொழிலைப் பிறப்போடு கட்டியதால் வந்தது. கொத்தனார், மாஸ்டர் என்ற பெயர்கள் கற்றுக்கொண்ட எவருக்கும் உரியவை. பெயர் சோறு போடுமா என்பது அடுத்த கேள்வி. தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982, எந்தெந்தத் தொழில்களுக்குப் பொருந்தும் என்பதைப் பெயர் சொல்லியே பட்டியலிடுகிறது. மண்பாண்டத் தொழிலாளருக்கும் பனைமரத் தொழிலாளருக்கும் அவரவர் பெயரிலேயே நல வாரியங்கள் இருக்கின்றன. பெயருள்ள வேலைக்குத்தான் கூலி பேசவும் உரிமை கேட்கவும் முடியும். வடுகபட்டிப் பெண்களின் கூலிக்கணக்கிலும் நல வாரிய அட்டையிலும் ‘பூண்டு தரம்பிரிப்பவர்’ என்று எழுதுவோம். அது சலுகையல்ல, அவர்கள் கைத்திறனுக்கு உரிய கணக்கு.