பல் பிடுங்கிய குழியில் கிராம்பு வைக்கலாமா?

பல்வலி வந்தால் கிராம்பைக் கடிப்பது நம் வீடுகளில் பழகிய வைத்தியம். கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜினால் என்ற பொருள் வலியை மரத்துப்போகச் செய்யும், கிருமிகளையும் கட்டுப்படுத்தும். ஆனால், பல்லைப் பிடுங்கிய பிறகு அதே கிராம்பை நீங்களாகவே குழியில் வைக்கக் கூடாது.

ரத்தக்கட்டியைக் காப்பாற்றுங்கள்

பிடுங்கிய குழியில் ரத்தம் உறைந்து நிற்கும். இந்தக் கட்டிதான் எலும்பை மூடிக் காக்கிறது. புதுச் சதை வளரவும் இதுவே அடிப்படை. கிராம்பைத் திணித்தாலோ, வேகமாகக் கொப்பளித்தாலோ, பீடி புகைத்தாலோ கட்டி பெயர்ந்துவிடலாம். அப்படியானால் 3, 4 நாட்களில் காது வரை பரவும் கடும் வலி வரும். இதை 'உலர் குழி' என்பார்கள். அப்போது பல் மருத்துவர் குழியைச் சுத்தம் செய்து, யூஜினால் கலந்த மருந்தை அளவோடு வைப்பார். கிராம்பின் பயன் அங்கேதான். எண்ணெயை நேரடியாக ஊற்றினால் சதை புண்ணாகும். குழந்தைகள் விழுங்கினால் கல்லீரல் பாதிக்கப்படும்.

முதல் 24 மணி நேரம் கொப்பளிக்க வேண்டாம். அதன்பின் வெதுவெதுப்பான உப்பு நீரால் மெதுவாகக் கொப்பளியுங்கள். புண் ஆறும் வரை புகையிலையைத் தவிருங்கள். வலி கூடினாலோ, வீக்கம், காய்ச்சல் இருந்தாலோ உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

தரம் எண்ணெயில் இருக்கிறது

மருந்துக்கும் உணவுக்கும் கிராம்பின் மதிப்பு அதன் எண்ணெயில்தான். நல்ல உலர் மொட்டில் 15 முதல் 20 சதவீதம் எண்ணெய் இருக்கும். அதில் பெரும்பகுதி யூஜினால். புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரி கிராம்புக்குப் பெயர் வாங்கித் தந்ததும் இந்த எண்ணெய் வளம்தான்.

எனவே, மொட்டு பச்சை நிறம் மாறி இளஞ்சிவப்பு படரும்போது, விரியும் முன்பே பறித்துவிடுங்கள். விரிந்த பூவில் தரம் குறையும். கொத்தைக் கையால் பறியுங்கள். கிளையை ஒடித்தால் அடுத்த ஆண்டு மகசூல் பாதிக்கும். காம்பு நீக்கி, குவித்து வைக்காமல் அன்றே சுத்தமான பாயில் பரப்பி, 4, 5 நாட்கள் வெயிலில் காய வையுங்கள். குவியலில் புழுங்கிய மொட்டு வெளுத்துச் சுருங்கி விலை இழக்கும்.

வாங்குபவர்களுக்கு ஓர் எளிய சோதனை: கிராம்பைத் தண்ணீரில் போடுங்கள். நல்லது மூழ்கும், அல்லது செங்குத்தாக நிற்கும். எண்ணெய் எடுக்கப்பட்டது படுத்து மிதக்கும்.