காதர்பேட்டையில் இரண்டு நாள்

இல்லறத்தார் இருவர்க்கு ஓய்வுநாள் இரண்டு வாய்க்குமாயின், உதகைக்கோ கொடைக்கானலுக்கோ செல்லுதல் வழக்கம். மலையும் பொழிலும் கண்ணுக்கு இனியனவே. ஆயினும், மாந்தரைக் காண்டலும் ஓர் இன்பமன்றோ? அவ்வின்பத்தை விழைவார்க்குத் திருப்பூர்க் காதர்பேட்டை தக்கதோர் இடமாகும்.

புகைவண்டி நிலையத்திற்கு அணித்தேயுள்ள இப்பகுதியைப் பனியன் மலிவாய்க் கிடைக்குஞ் சந்தை என்ற அளவிலேயே பலரும் அறிவர். அம்மலிவிற்குக் காரணம் யாது? அயல்நாட்டார் கேட்ட தொகையினும் சிறிது கூடுதலாகவே பனியன் கம்பெனிகள் ஆடை தைப்பதுண்டு. அவற்றுள் மிஞ்சியனவும், சிறு குறையால் ஒதுக்கப்பட்டனவும் இங்குள்ள கடைகளை அடைகின்றன. ஒன்றில் தையல் பிசகியிருக்கும். மற்றொன்றில் சாயம் சற்றே வேறுபட்டிருக்கும். ஆய்ந்தெடுக்கும் பொறுமையுள்ள மனைவியும், பை சுமக்க இசையும் கணவனும் சேர்ந்து சென்றால் வெறுங்கையராய்த் திரும்பார்.

முதல்நாள் கடைகளைக் கண்டோர், மறுநாளாகிய ஞாயிற்றுக்கிழமை மாலையில் மக்களைக் காண்க. வாரவிடுமுறை பெற்ற தொழிலாளர் தெருவெங்கும் நிறைவர். பீகார், ஒடிசா, ஜார்க்கண்டு, அசாம் முதலிய நாட்டுப்புறங்களினின்று வந்த இளைஞரின் மொழிகள் கொங்குத் தமிழோடு கலந்து செவியில் விழும். நைஜீரியா முதலிய ஆப்பிரிக்க நாடுகளின் வணிகரும் ஆடை கொள்ளுதற்பொருட்டு இங்கு வந்து தங்கியதுண்டு. சிலப்பதிகாரம் பயின்றார்க்குப் புகாரின் மருவூர்ப்பாக்கம் நினைவிற்கு வருதல் இயல்பே. வேற்றுமொழி பேசுவோர் கலந்து உறைதல் தமிழகத்திற்குப் புதுமையன்று என்பது அக்காப்பியத்தால் விளங்கும்.

எனினும், அருகில் உறைதல் வேறு. அறிந்து உறைதல் வேறு. 2023-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், வடநாட்டுத் தொழிலாளர் தமிழகத்தில் தாக்கப்படுகின்றனர் என்று கூறும் பொய்யான காணொளிகள் பரவின. அச்சங்கொண்டு ஊர் திரும்பினோர் பலர். பீகார் அரசு அனுப்பிய குழுவினர் திருப்பூருக்கும் வந்து நிலைமையை நேரில் ஆராய்ந்தனர். ஒருவரையொருவர் அறியாத இடத்தன்றோ வதந்தி எளிதில் வேர்கொள்ளுகிறது?

வந்தேறிகளென அவர்களை இகழ்வாரும் உளர். அன்னோர் புகைவண்டி நிலையத்தின் அருகேயுள்ள குமரன் நினைவகத்தின்முன் சிறிது நின்று எண்ணுவாராக. 1932 சனவரி 10-ஆம் நாள் தடியடிபட்டும் கொடியை விடாது, மறுநாள் உயிர்நீத்த அத்தியாகி, 1904-இல் சென்னிமலையிற் பிறந்தவர். பிழைப்பு நாடித் திருப்பூருக்கு வந்தவர். ஊர்ப்பெயரைத் தம் பெயரோடு நிலைநிறுத்திய அவரும் இவ்வூர்க்கு வந்தவரே!

ஆதலின், காதர்பேட்டைக்குச் செல்லும் தம்பதிகள் விலை கேட்பதோடு அமையாது, விற்பவரின் ஊரையும் கேட்பாராக. தேநீர்க்கடையில் அருகமர்ந்த இளைஞனிடம் இரண்டு சொல் பேசுவாராக. நாம் உடுக்கும் ஆடையைத் தைத்த கை யாருடையது என்று அறிந்து திரும்புதலினும் மிக்க ஊதியம் அப்பயணத்தில் வேறு யாது?