பெரிய நம்பர், சின்னக் கம்பி

எங்கள் தெருவில் ஒரு நண்பர் இருக்கிறார், கணக்கிலே புலி. சென்ற மார்கழியில், 3,000 வாட் வெந்நீர்க் கருவிக்காகச் செப்புக் கம்பி வாங்கப் போனார். கடையில் 16-ஆம் நம்பர், 20-ஆம் நம்பர் என்று இரண்டு தினுசு இருந்தன. "பெரியதாகவே இருக்கட்டும்" என்று 20-ஐ வாங்கி வந்து விட்டார். விலை குறைவாக இருந்தபோதாவது சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? மூன்றாம் நாள் விடியற்காலையில் வீடெங்கும் கம்பியின் மேலுறை கருகும் நாற்றம்! அவர் மனைவி ஓடிப்போய் விசையை அணைத்ததனால், சுவர் கரியானதோடு போயிற்று.

பிசகு நண்பருடையது மட்டும் அல்ல. கம்பி நம்பர் என்பதே தலைகீழான விவகாரம். நகை செய்யும் பத்தர் கம்பி இழுப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். கம்பியச்சில் வரிசையாகத் துளைகள். ஒன்றைவிட ஒன்று சிறியது. இழுக்க இழுக்க, இழுத்த தடவைகளின் எண்ணிக்கை ஏறுகிறது, கம்பியோ மெலிகிறது. நம்பர்களும் இந்த வழியிலேயே வந்தன. இங்கிலாந்தில் 1884-இல் சட்டபூர்வமான அளவு முறையே நம் நாட்டிலும் பரவியது.

அந்த முறைப்படி 21-ஆம் நம்பர் கம்பியின் விட்டம் 0.032 அங்குலம், 16-ஆம் நம்பர் 0.064, 10-ஆம் நம்பர் 0.128. விட்டம் ஒவ்வொரு படியிலும் இரட்டிக்கிறது. ஆனால் மின்சாரம் பாய்வது கம்பியின் குறுக்கு வெட்டுப் பரப்பு முழுவதிலும் அல்லவா? அந்தப் பரப்பு இரு மடங்கு அல்ல, நான்கு மடங்கு ஆகிறது! நம்பிக்கை இல்லாவிட்டால் சமையலறைக்குப் போய்ப் பாருங்கள். ஐந்து அங்குலத் தோசை நான்கு சேர்ந்தால்தான் பத்து அங்குலத் தோசை ஒன்றின் பரப்புக்கு ஈடாகும். வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது.

நண்பர் வாங்கிய 20-ஆம் நம்பரின் விட்டம் 0.036 அங்குலம். 16-ஆம் நம்பருடன் ஒப்பிட்டால், விட்டம் பாதிக்குச் சற்று மேல். பரப்போ மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே மின்தடை மூன்று மடங்குக்கு மேல். அதே மின்சாரம் பாய்ந்தால் உண்டாகும் உஷ்ணமும் அப்படியே. மேலுறை கருகாமல் என்ன செய்யும்?

இக்காலத்தில் வீட்டுக் கம்பிகளைச் சதுர மில்லிமீட்டர் கணக்கில் விற்கிறார்கள்: 1.5, 2.5, 4 என்று. இதில் எண் பெரிதானால் செம்பும் அதிகம், மயக்கத்துக்கு இடமில்லை. ஆயினும் பியூஸ் கம்பியிலும் மோட்டார்ச் சுற்றுக் கம்பியிலும் பழைய நம்பர் இன்னும் வாழ்கிறது. அங்கே ஜாக்கிரதை தேவை.

நண்பர் வீட்டில் இப்பொழுது கம்பி வாங்கக் கடைக்குப் போகிறவர் அவருடைய மனைவிதான். அந்த அம்மாள் நம்பரைக் கேட்பதில்லை, "எத்தனை சதுர மில்லிமீட்டர்?" என்றுதான் கேட்கிறாள்.