கல்யாணம் ஆயிடுச்சா?

2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட செய்தி இது: ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலைக்கு வேலை கேட்டு வந்த பெண்களிடம் வாசலிலேயே கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டு, ஆனவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களில் 25 சதவீதம் திருமணமான பெண்களே, திருமணமானவர்கள் அணியும் உலோக நகைகளைக் கழற்றச் சொல்வது பாதுகாப்புக்காக என்று நிறுவனம் அரசிடம் விளக்கியது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது.

அந்தக் கேள்வி ஓர் ஆலையோடு நிற்பதில்லை. திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பக்கம் மகள் ஷிப்டுக்குப் போவதைக் குறையாக நினைத்த காலம் மலையேறிவிட்டது. தம்பியின் காலேஜ் ஃபீஸ், வீட்டுக் கடன், நகைச் சீட்டு எல்லாம் அவள் சம்பளத்தில்தான் நடக்கின்றன. தாலி ஏறியதும் அதே வீட்டார், "மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்றாங்களோ" என்கிறார்கள். தன் வீட்டு வேலைகளைச் செய்யும் பெண் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறாள், ஆண் 88 நிமிடம் என்கிறது 2024-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு. நைட் ஷிப்ட் முடித்து வரும் மருமகளுக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்?

ஆலைகளுக்கும் விடுதியில் தங்கும் தனியாள்தான் வசதி. 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே ஜமீன் கொரட்டூரில் ஃபாக்ஸ்கான் தொழிலாளிகள் தங்கிய விடுதியில் கெட்ட உணவு சாப்பிட்டு 159 பெண்கள் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். சக தொழிலாளிகள் பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஓர் அறைக்கு 6 முதல் 30 பேர் வரை தரையில் படுத்தது அப்போதுதான் வெளியே தெரிந்தது. அதன் பிறகு 2024 ஆகஸ்டில், வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் 18,720 பேர் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. நல்ல காரியம், சந்தேகமில்லை. ஆனால் கைக்குழந்தையோடு அந்தக் கட்டிலில் படுக்க முடியாது.

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்று மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-லேயே திருத்தம் வந்துவிட்டது. அதை விட்டுவிட்டு விடுதிகளை மட்டும் கட்டிக்கொண்டே போனால், இருபது வயதில் வேலைக்கு எடுத்து இருபத்தைந்தில் வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாடே நிலைக்கும். அப்போது அவள் கையில் தொழிலும் இருக்காது, சேமிப்பும் இருக்காது. நகைச் சீட்டுப் பணம் கல்யாணத்தோடு போயிருக்கும்.

கும்மிடிப்பூண்டியிலும் தேர்வாய்க்கண்டிகையிலும் புதிதாக ஆலைக்கு அனுமதி கொடுக்கும்போது, காப்பகம் எங்கே என்று மாநில அரசின் சிப்காட் நிறுவனம் முதலில் கேட்கட்டும். பெண்ணைப் பெற்றவர்களும் நிச்சயதார்த்தத்துக்கு முன்பே ஒன்றைப் பேசி முடித்துவிடுங்கள்: கல்யாணத்துக்குப் பிறகும் அவள் வேலைக்குப் போவாள்.